ஒரு பை கென்யா காபி, மூன்று தண்ணீர்

அண்ணன் மகள் அனுப்பிய பார்சலைப் பிரித்தேன். உள்ளே 250 கிராம் காபிக் கொட்டை. பொடி இல்லை, முழுக் கொட்டை. பையை மூக்கருகே வைத்து லேசாக அழுத்தினால், முன்பக்கம் இருந்த சின்ன வால்வு வழியாக உள்ளிருந்த காற்று வந்தது. இத்தனை வருடம் கருக வறுத்த கொட்டையைப் பால் கலந்து குடித்தவள் நான். அந்த வாசனையைத்தான் எதிர்பார்த்தேன். வந்தது வேறு. உலர்ந்த திராட்சை, வெயிலில் நின்ற தக்காளிச் செடியின் இலை, அடியில் எங்கோ கொஞ்சம் சர்க்கரைப் பாகு.

உடனே அவளுக்குப் போன் செய்தேன்.

"இது காபிதானாம்மா?"

"காபிதான் அத்தை. ஒரே ஒரு தடவை பாலும் சர்க்கரையும் போடாம குடிச்சுப் பாருங்க. பிடிக்கலைன்னா எனக்கே திருப்பி அனுப்பிடுங்க."

திருப்பி அனுப்பவில்லை. 26 நாளில் அந்தப் பையை முடித்தேன். அதில் முதல் பத்து நாள் கொட்டையின் மீது பழி போட்டுக்கொண்டிருந்தேன். பழி வேறிடத்தில் இருந்தது. அதுவும், நான் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்த இடத்திலேயே இருந்தது. அதை எழுதி வைக்க வேண்டும்.

நான் 31 ஆண்டுகள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவள். எதையும் குடிப்பதற்கு முன்னால் லேபிளைப் படிக்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது. பையின் பின்பக்கம் இப்படி இருந்தது: கென்யா, நியேரி, ஏஏ, எஸ்எல்28, எஸ்எல்34, கழுவிப் பதப்படுத்தியது. பிறகு ஒரு ஃபேக்டரியின் பெயர், வறுத்த தேதி. என் கைக்கு வந்தபோது வறுத்து ஆறு நாள் ஆகியிருந்தது.

நியேரி, கென்யா மலைக்கும் அபர்டேர் மலைத்தொடருக்கும் இடையில் உள்ள பகுதி. சிவந்த எரிமலை மண். ஏஏ என்பதைப் பார்த்ததும் அதைத் தரத்துக்குக் கொடுத்த மதிப்பெண் என்றே நினைத்தேன். அப்படி இல்லை, அது அளவு. பச்சைக் கொட்டையை ஓட்டைத் தகட்டுச் சல்லடைகளில் சலிக்கும்போது 17, 18 ஆம் எண் சல்லடைகளில் தங்குகிற பெரிய கொட்டைதான் ஏஏ. 18 ஆம் எண் சல்லடையின் ஓட்டை, ஓர் அங்குலத்தை 64 பங்காக்கி அதில் 18 பங்கு. ஏழு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஃபேக்டரி என்ற சொல்லுக்கும் அங்கே வேறு பொருள். சிறு விவசாயிகள் பறித்த பழத்தைக் கொண்டுவந்து கொடுக்கும் கூட்டுறவுக் களத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அங்கே தோலை உரித்து, கொட்டையில் ஒட்டியிருக்கும் வழவழப்பு நொதித்துக் கழலும் வரை தொட்டியில் போட்டு, கழுவி, மறுபடியும் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து, பிறகு கால் உயர்ந்த வலைமேசைகளில் காயவைக்கிறார்கள். கென்ய காபி அவ்வளவு தெளிவாக இருப்பதற்கு இந்தக் கழுவலும் ஊறலும் ஒரு காரணம்.

எனக்கு மிகவும் பிடித்தது எஸ்எல்28 என்ற காபி ரகத்தின் பெயர். எஸ்எல் என்பது ஸ்காட் லேபரட்டரீஸ். கென்யாவில் கபேட்டே என்ற ஊரில் இருந்த விவசாய ஆராய்ச்சிக்கூடம். 1931இல் அதன் காபி அதிகாரி ஏ.டி.டிரெஞ்ச் பக்கத்து நாடான டாங்கனிகாவில் (இன்றைய டான்சானியாவின் பெரும்பகுதி) சுற்றியபோது வறட்சியைத் தாங்கி நிற்கும் காபிச் செடிகளைப் பார்த்தார். அதன் விதைகள் கூடத்துக்கு வந்தன. 1935இல் அதிலிருந்து ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த மரத்தின் வழி வந்ததுதான் எஸ்எல்28. கூடத்தின் பெயர், ஓர் எண், அவ்வளவுதான். நானும் ஆயிரக்கணக்கான மாதிரி பாட்டில்களில் இப்படித்தான் எழுதி ஒட்டியிருக்கிறேன். என் பாட்டில்கள் எல்லாம் சோதனை முடிந்ததும் கழுவுதொட்டிக்குப் போயின. அவர்கள் ஒட்டிய எண் ஒன்று 90 வருடம் கழித்து என் சமையல் மேடையில் நிற்கிறது.

சரி, காபிக்கு வருகிறேன்.

என்னிடம் கையால் சுற்றும் கிரைண்டர் ஒன்று இருக்கிறது. முதலில் மூன்று கிராம் கொட்டையை மட்டும் அரைத்துக் கொட்டினேன். பழைய கரும்வறுவலின் எண்ணெய்ப் பிசுக்கும் மீந்த தூளும் அதோடு போகட்டும் என்று. அந்த மூன்று கிராமிலேயே வித்தியாசம் தெரிந்துவிட்டது. பழைய கொட்டை மொறுமொறுவென்று உடைந்து தூளாகும். இது மல்லுக்கட்டியது. உயரமான இடத்தில் குளிரில் மெதுவாகப் பழுத்த கொட்டை இறுக்கமானது, அதோடு குறைவாக வறுத்தது. கருக வறுக்கும்போது கொட்டை உப்பி உள்ளே நுரைபோல ஆகிவிடும், அதனால் சுலபமாக உடையும், சாற்றையும் சுலபமாக விட்டுவிடும். இந்தக் கொட்டை அப்படி விட்டுக்கொடுக்காது. பிடியைச் சுற்றும் கைக்கே அது முதலில் தெரிந்தது.

இன்னொரு சின்ன விஷயம். அரைப்பதற்கு முன் கொட்டையின் மீது ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துக் குலுக்கினால், தூள் கிரைண்டரின் சுவரில் ஒட்டாது. உராய்வில் உண்டாகும் மின்னேற்றத்தை அந்த ஈரம் அடக்கிவிடுகிறது. 15 கிராமில் அரை கிராம் சுவரில் ஒட்டிக்கொண்டால் கணக்கே மாறிவிடும் என்பதால் இதை விடாமல் செய்கிறேன்.

தெரியாத கொட்டையை முதலில் வடிக்கக் கூடாது, கிண்ணத்தில் ஊறவைத்துப் பார்க்க வேண்டும் என்று அண்ணன் மகள் சொல்லியிருந்தாள். காபி வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் உலகம் முழுக்க அப்படித்தான் சுவை பார்க்கிறார்கள். 150 மில்லி தண்ணீருக்கு 8.25 கிராம் தூள் என்பது அவர்கள் கணக்கு. என் கிண்ணம் 200 மில்லி பிடிக்கும், அதனால் 11 கிராம். இரண்டு கிண்ணம் வைத்தேன். தூளின் மேல் கொதி அடங்கிய தண்ணீரை ஊற்றிவிட்டு நாலு நிமிடம் சும்மா இருக்க வேண்டும். மேலே தூளெல்லாம் சேர்ந்து ஓர் ஆடை கட்டும். நாலாவது நிமிடம் கரண்டியின் முதுகால் அந்த ஆடையை விலக்கிவிட்டு, மூக்கைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். அந்த நொடியில் வந்த மணத்துக்காகவே இந்த வேலையை மறுபடி மறுபடி செய்யலாம். பழுத்த கருப்புத் திராட்சையை விரலால் நசுக்கினால் வரும் மணம், அதற்குள் ஒரு பூவின் குளிர்ச்சி.

நுரையை வழித்துவிட்டு, பத்து நிமிடம் ஆறவைத்து, கரண்டியால் எடுத்துச் சத்தமாக உறிஞ்சினேன். உறிஞ்சும்போது காபி வாய் முழுக்கத் தெறிக்கிறது, மணம் தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்குக்குப் போகிறது.

சப்பென்று இருந்தது.

மூக்கு சொன்னதில் பாதிகூட நாக்குக்கு வரவில்லை. சுண்ணாம்பைத் தொட்டுக்கொண்ட மாதிரி ஒரு மந்தம். இரண்டாவது கிண்ணமும் அப்படியே. மூக்குக்கும் நாக்குக்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி ஏன் என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். நோட்டில் 'மணம் அருமை, சுவை மந்தம், வறுவல் போதாது?' என்று எழுதிவிட்டுப் படுத்துவிட்டேன்.

அடுத்த நாளிலிருந்து, வடிதாள் வைத்த கூம்பில் வடிக்க ஆரம்பித்தேன். 15 கிராம் தூள், 240 கிராம் தண்ணீர், அதாவது ஒன்றுக்குப் பதினாறு. தாளை முதலில் வெந்நீரில் அலசிவிடுவேன், இல்லாவிட்டால் தாள் வாசனை காபியில் ஏறும். (இந்தத் தாள் வடிகட்டிக்கு ஜெர்மனியில் 1908இல் மெலிட்டா பென்ட்ஸ் என்ற குடும்பத்தலைவி காப்புரிமை வாங்கினார். முதலில் அவர் பயன்படுத்தியது மகன் பள்ளி நோட்டிலிருந்த மை உறிஞ்சும் தாள்.) முதலில் 45 கிராம் தண்ணீர் ஊற்றி 40 விநாடி காத்திருப்பேன். வறுத்த கொட்டைக்குள் அடைபட்டிருக்கும் கரியமில வாயு அப்போது வெளியேறும். அது உள்ளேயே இருந்தால் தண்ணீரை ஒதுக்கித் தள்ளும், தூள் சரியாக நனையாது. இந்தக் கொட்டை முதல் வாரத்தில் மாவு புளித்துப் பொங்குவதுபோல் உப்பியது. அவ்வளவு வாயு.

முதல் தடவை பழைய கொட்டைக்கு வைத்திருந்த அளவிலேயே அரைத்தேன். 1 நிமிடம் 50 விநாடியில் எல்லாம் வடிந்துவிட்டது. தண்ணீராய் இருந்தது, கூடவே லேசாக உப்புக் கரித்தது. கொட்டையிலிருந்து போதுமான அளவு இறங்கவில்லை என்று அர்த்தம். கிரைண்டரின் அளவுத் திருகை நான்கு கிளிக் திருப்பி நைசாக்கினேன். 2 நிமிடம் 45 விநாடி. கொஞ்சம் கனம் வந்தது, மந்தம் போகவில்லை. இன்னும் நைசாக்கினேன். நாலு நிமிடத்தை நெருங்கியது. கடைசியில் நாக்கு உலர்ந்து கன்னத்தின் உட்புறம் இழுத்துப் பிடித்தது.

இந்த இடத்தில் தமிழ் எனக்கு உதவியது. கருப்புக் காபி பிடிக்காதவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் கசப்பு என்றே சொல்லிவிடுகிறார்கள். நம்மிடம் கசப்பு வேறு, துவர்ப்பு வேறு. கசப்பு நாக்கில் விழுகிற சுவை. துவர்ப்பு வாய் உலர்ந்து சுருங்குகிற உணர்வு, எச்சிலில் இருக்கும் வழுவழுப்பான புரதத்தைக் காபியிலுள்ள சில பொருள்கள் பிடித்துக்கொள்வதால் வருவது. கசப்பாக இருக்கிறது என்று எழுதினால் வறுவலைத்தான் குறை சொல்லத் தோன்றும். துவர்க்கிறது என்று எழுதியதால் அரைப்பை நோக்கிப் போனேன். அளவுக்கு மீறி நைசாகிவிட்டது, தண்ணீர் ஓரிடத்தில் தேங்கி இன்னோரிடத்தில் வழி கண்டுபிடித்து ஓடியிருக்கிறது. இரண்டு கிளிக் பின்னால் வந்தேன். துவர்ப்பு போயிற்று.

மந்தம் மட்டும் அப்படியே நின்றது. ஐந்து தடவை வடித்தாயிற்று, 75 கிராம் போயிற்று. அண்ணன் மகளிடம், "வறுத்தவங்க சரியா வறுக்கலையோன்னு தோணுதும்மா" என்று சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கு நல்லா வந்துது அத்தை, அதே பை, அதே தேதி" என்றாள். ஆசையாக அனுப்பியதைக் குறை சொல்லிவிட்டோமே என்று எனக்கு அன்றைக்கு முழுக்க உறுத்தல்.

பத்தாவது நாள் கெட்டிலைச் சுத்தம் செய்தேன். அடியில் வெள்ளையாகக் கறை படிந்திருந்தது. வழக்கம்போல ஒரு ஸ்பூன் எலுமிச்சை உப்பைப் போட்டு வெந்நீர் ஊற்றினேன். புசுபுசுவென்று நுரைத்தது. கறை கரைந்துகொண்டே போக, நுரை அடங்கியது. நுரை அடங்கிய பிறகு அந்தத் தண்ணீரில் புளிப்பு முன்போல் இருக்காது. பாதியைக் கறை தின்றிருக்கும்.

அங்கேயே நின்றேன். எலுமிச்சை உப்பு என்பது சிட்ரிக் அமிலம். குறைவாக வறுத்த காபியின் பழப்புளிப்புக்கும் பெரும்பங்கு காரணம் சிட்ரிக் அமிலமும் ஆப்பிளில் உள்ள மேலிக் அமிலமும்தான். கருக வறுத்தால் அவை அழிந்துபோகும், இளவறுவலில் தங்கும். கெட்டிலின் கறை எந்தத் தண்ணீரிலிருந்து வந்ததோ அந்தத் தண்ணீரைத்தான் நான் பத்து நாளாக இந்தக் கொட்டையின் மேல் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட், காபியின் அமிலத்தைக் கறையைப்போலவே தின்றுகொண்டிருக்கிறது. பழைய கரும்வறுவலில் தின்பதற்குப் புளிப்பே அதிகம் இல்லை, அதனால் எனக்கு எதுவும் தெரியவில்லை. உண்மையில் அந்தக் காபிக்கு இந்தத் தண்ணீர் பொருத்தமாகக்கூட இருந்திருக்கும்.

காரத்தன்மை என்று நாங்கள் கூடத்தில் சொல்வது இதைத்தான். மெத்தில் ஆரஞ்சு இரண்டு சொட்டு விட்டு, அமிலத்தைத் துளித்துளியாக இறக்கி, மஞ்சள் நிறம் ஆரஞ்சாகத் திரும்பும் இடத்தில் நிறுத்திக் கணக்கிடுவோம். ஒரு தண்ணீர் எவ்வளவு அமிலத்தை விழுங்கும் என்பதுதான் அந்தச் சோதனையின் பொருளே. 31 வருடம் செய்தேன். குழாய், கொதிகலன், தொழிற்சாலை என்று யோசித்திருக்கிறேன், ஒரு கோப்பைக் காபியை யோசித்ததில்லை.

வீட்டில் அமிலத்தைத் துளித்துளியாக இறக்கும் ப்யூரெட் என்ற அளவுக் குழாய் கிடையாது. மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் சொட்டுச் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கினேன். ஐந்து மில்லி தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலம் மஞ்சளாக மாறும் வரை எண்ண வேண்டும். ஒரு சொட்டு என்றால் லிட்டருக்கு சுமார் 18 மில்லிகிராம் காரத்தன்மை. எங்கள் குழாய்த் தண்ணீருக்கு 14 சொட்டு ஆயிற்று. சுமார் 250 மில்லிகிராம். ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன் என்ற காபித் துறை அமைப்பு காபிக்குப் பரிந்துரைக்கும் அளவு 40ஐ ஒட்டி. அதைப்போல ஆறு மடங்கு! சுத்திகரிப்பு மெஷினில் வரும் ஆர்ஓ தண்ணீருக்கு முதல் சொட்டிலேயே மஞ்சள்.

ஒரு பேனா மாதிரி டிடிஎஸ் மீட்டரை முக்கிப் பார்த்து 'தண்ணீர் நன்றாக இருக்கிறது' என்று பலரும் முடிவு செய்கிறார்கள். அது கரைந்துள்ளவற்றின் மொத்தத்தை மின்கடத்தலை வைத்து ஊகித்துச் சொல்கிறது, அவ்வளவுதான். உள்ளே இருப்பது மெக்னீசியமா, சோடியமா, பைகார்பனேட்டா என்று அதற்குத் தெரியாது. காபிக்கு அந்த வித்தியாசம்தான் எல்லாமே. கால்சியமும் மெக்னீசியமும் தூளிலிருந்து சுவைப் பொருள்களைப் பிடித்து இழுக்க உதவுகின்றன. 2014இல் கிறிஸ்டோபர் ஹெண்டனும் உடன் ஆய்வாளர்களும் கணினியில் கணக்கிட்டு, மெக்னீசியத்துக்குத்தான் பிடி அதிகம் என்று காட்டினார்கள். பைகார்பனேட்டின் வேலை எதிர்ப்பக்கம். அது புளிப்பை அடக்குகிறது. ஒன்றுமே இல்லாத தண்ணீரும் ஆகாது, எல்லாம் நிறைந்த தண்ணீரும் ஆகாது.

மறுநாள் காலையில் மூன்று கிண்ணம் வைத்தேன். ஒவ்வொன்றிலும் 11 கிராம், ஒரே அரைப்பு. முதல் கிண்ணத்துக்குக் குழாய்த் தண்ணீர். இரண்டாவதுக்கு வெறும் ஆர்ஓ. மூன்றாவதுக்கு ஒரு பங்கு குழாய்த் தண்ணீரோடு ஐந்து பங்கு ஆர்ஓ கலந்தது. கலவையைச் சொட்டு விட்டுப் பார்த்தேன், மூன்று சொட்டு. வேண்டிய அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கிண்ணங்களின் அடியில் எண் ஒட்டி, வீட்டுக்காரரை விட்டு இடம் மாற்றச் சொன்னேன். எது எது என்று தெரிந்துவிட்டால் நாக்கு மனசு சொல்வதைத்தான் கேட்கும்.

முதலில் எடுத்தது மந்தம். சந்தேகமே இல்லை, பழைய கதை. அடுத்ததில் புளிப்பு சுரீரென்று ஏறியது. காய் எலுமிச்சையைக் கடித்ததுபோல, முனை மழுங்காத புளிப்பு, பின்னால் ஒன்றும் இல்லாத வெறுமை. மூன்றாவது கிண்ணத்தை உறிஞ்சியதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். பத்து நாளாக மூக்கு சொல்லிக்கொண்டிருந்தது அத்தனையும் வாயில் இருந்தது. புளிப்பு இருந்தது, ஆனால் அதன் கையைப் பிடித்துக்கொண்டு இனிப்பும் வந்தது. நாலு வாய் குடித்த பிறகு கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தேன். கலவைத் தண்ணீர்.

அப்போதே அண்ணன் மகளுக்குப் போன் செய்து, "கொட்டை மேல தப்பு இல்லம்மா, வறுத்தவங்க மேலயும் இல்ல. என் தண்ணி மேல" என்று சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பத்து நாள் உறுத்தல் போயிற்று.

வீட்டில் ஆர்ஓ இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. கறை படிகிற தண்ணீரை ஐந்து பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறித் தெளிந்த பிறகு அடியைக் கலக்காமல் மேலாக ஊற்றி எடுத்தால், கால்சியமும் பைகார்பனேட்டும் சேர்ந்து வெள்ளையாக அடியில் படிந்துவிடும், இரண்டுமே ஓரளவு குறையும். மறுபடி சூடாக்கி காபி போடலாம்.

இனி சுவைக் குறிப்பு. பையில் பிளாக்கரன்ட், தக்காளி, கிரேப்ஃப்ரூட் என்று போட்டிருந்தது. பிளாக்கரன்ட் என்ற பழத்தை நான் சாப்பிட்டதே இல்லை. சாப்பிடாத பழத்தை வாயில் எப்படித் தேடுவது? கென்ய காபியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அந்தப் பழத்தையே சொல்கிறார்கள், அவர்கள் வளர்ந்த தோட்டத்தில் அது இருந்திருக்கும். என் நாக்கு வளர்ந்தது வேறு பழங்களில். பையைத் திருப்பி வைத்துவிட்டு என் நோட்டில் நானே எழுதினேன்.

சூடாக இருக்கும்போது கருப்புத் திராட்சையின் தோல், சதையல்ல, தோல். அதிலிருக்கும் அந்த இலேசான பிடிப்பு. வெதுவெதுப்பானதும் நாவல் பழம், உப்புத் தொட்டுத் தின்றதுபோல. முழுக்க ஆறிய பிறகுதான் தக்காளி வந்தது. அதுவும் வதக்கிய தக்காளி இல்லை, செடியிலேயே பழுத்து இன்னும் வெயில் சூடு போகாத தக்காளி. புளிப்பும் இனிப்பும் அவற்றுக்கு அடியில் எச்சில் ஊறவைக்கும் ஓர் உவர்ப்பும். விழுங்கிய பிறகு, நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் தொண்டையில் வருமே ஓர் இனிப்பு, அது.

புளிப்பு என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதையெல்லாம் எழுத முடியவில்லை. கடைசியில் காய்ப்புளிப்பு, பழப்புளிப்பு என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். காய்ப்புளிப்பு வந்தால் காபி சரியாக இறங்கவில்லை, இன்னும் நைசாக அரைக்கலாம், இன்னும் சூடான தண்ணீர் ஊற்றலாம். பழப்புளிப்பு வந்தால் கையை எடுத்துவிட வேண்டும், எதையும் மாற்றக் கூடாது.

ஆறவைத்துக் குடிப்பது பெரிய விஷயம். கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் நாக்குக்குச் சூடுதான் தெரியும். இந்தக் காபியை ஊற்றி வைத்து எட்டு நிமிடம் கழித்துத் தொட்டால்தான் திராட்சை, இருபது நிமிடம் கழித்தால்தான் தக்காளி. ஒரே கோப்பையை அரைமணி நேரம் வைத்துக் குடிக்கப் பழகிக்கொண்டேன். நாளாக ஆகக் கொட்டையும் மாறியது. வறுத்து மூன்று வாரம் கடந்த பிறகு, முதலில் ஊற்றும் தண்ணீருக்கு அவ்வளவாகப் பொங்கவில்லை, சுவை ஒன்றோடொன்று முட்டாமல் தனித்தனியாகத் தெரிந்தது. இளவறுவல் வாயுவை மெதுவாகத்தான் விடுகிறது. புதுசாக இருக்கிறதே என்று வந்த அன்றே உடைத்தது என் அவசரம்.

பால் ஊற்றியும் ஒருமுறை பார்த்தேன். சேரவில்லை. பால் திரியப்போகிற நேரத்து வாடை வந்தது. வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

அதற்குப் பிறகு நிலையாக நான் போட்டது இப்படித்தான்: 15 கிராம், 240 கிராம் கலவைத் தண்ணீர், 94 டிகிரி, மொத்தம் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆறு தடவை ஒரே மாதிரி வந்தது. ஏழாவது தடவை கூம்பைச் சுழற்றியதில் தூள் சுவரில் ஏறிக்கொண்டுவிட்டது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

26 ஆம் நாள் தராசில் கொட்டினால் 12 கிராம்தான் இருந்தது. தண்ணீரை 192 ஆகக் குறைத்து வடித்தேன். சின்னக் கோப்பை இரண்டில் ஊற்றினேன். வீட்டுக்காரர் தன்னுடையதை அப்படியே வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார். சரி, அதையும் நானே குடித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அரைமணி நேரம் கழித்து வந்து, ஆறிப்போனதை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"நீ சொல்றியே தக்காளின்னு. இப்பதான் தெரியுது."

அன்றைக்கு மாலையே அண்ணன் மகள் கூப்பிட்டாள். அடுத்த மாதம் வருகிறாளாம், எத்தியோப்பியாக் கொட்டை ஒன்று கொண்டு வரட்டுமா என்று கேட்டாள்.

"கொண்டு வாம்மா. கூடவே உன் வீட்டுத் தண்ணி ஒரு பாட்டில் வேணும். பாட்டிலை அதே தண்ணியால ரெண்டு தடவ அலசிட்டு, உள்ள காத்து நிக்காம வாய் வரைக்கும் ரொப்பி மூடு. தேதி எழுதி ஒட்டிடு."